அளவுகோலும் உழைப்பும்: வன்னித் தச்சுத் தொழிலின் அளவை முரண்பாடுகள் பற்றி ஒரு வரலாற்று நோக்கு

1

ஒரு மரத்துண்டின் நீளம் இயற்கையானது. ஆனால் அது எத்தனை முழம், எத்தனை அடி, எத்தனை மில்லிமீற்றர் என்பது மனிதர் தமக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. பயன்படு பொருள்களின் அளவைக் குறிப்பதற்குச் சமூகம் ஏற்றுக்கொள்ளும் அலகுகளை நிலைநாட்டுவது வரலாற்றின் வேலை என்று மார்க்ஸ் ‘மூலதனம்’ நூலின் முதற் பாகத்தின் தொடக்கத்திலேயே சுட்டிச் செல்கிறார். போலந்து நாட்டு வரலாற்றாசிரியர் விற்றோல்ட் கூலா 1970இல் வெளியிட்ட, அளவைகளையும் மனிதரையும் பற்றிய நூல் இக்கருத்தை விரித்துரைத்தது. நிலமானிய ஐரோப்பாவில் மரக்காலின் வாய் எவ்வளவு அகலமானது, தானியத்தைத் தலைதட்டி அளப்பதா கும்பமாக அளப்பதா என்பன போன்ற வினாக்கள் நிலக்கிழாருக்கும் குடியானவருக்கும் இடையிலான போராட்டத்தின் பகுதிகளாக இருந்தமையை அந்நூல் காட்டியது.

தமிழில் அளவைகளைப் பற்றி எழுதியோர் பெரும்பாலும் அணு தொடக்கம் காதம் வரையிலான வாய்பாட்டைத் தொகுத்துத் தருவதோடு அமைந்தனர். வாய்பாடு பயனுள்ளதே. ஆயினும் அளந்தவர் யார், அளக்கப்பட்டது யாருடைய உழைப்பு, அளவை பிழைத்தபோது நட்டம் யார் தலையில் விழுந்தது என்னும் வினாக்கள் அத்தொகுப்புக்களில் எழுவதில்லை. இவ்வினாக்களை வன்னிப் பெருநிலத்தின் தச்சுத் தொழிலை முன்வைத்து எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதற்கான உடனடித் தேவை நிகழ்காலத்திலிருந்தே பிறக்கிறது. ஒரே வேலையைச் செய்யும் மின்பொறிகள், அதாவது பலகையோடு பலகையைப் பொருத்துவதற்கான பொளியையோ தவாளிப்பையோ வெட்டும் பொறிகள், தம்மேல் பொறித்துள்ள அளவுக் கோடுகளில் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. ஒரு பொறியில் 20 என்னும் எண் வெட்டலகின் நடுக்கோடு பலகையின் மேற்பரப்பிலிருந்து எவ்வளவு கீழே செல்லும் என்பதை மில்லிமீற்றரில் குறிக்கும். மற்றொன்றின் படித்தடையில் அதே 20 பலகையின் தடிப்பைக் குறிக்கும். அலகு அதன் நடுவில், 10 மில்லிமீற்றரில் வெட்டும். வேறொன்றில் 20 என்பது நீள அளவே அன்று. பொருத்துக்குள் இடப்படும் ‘பிஸ்கட்’ எனும் மரச் சில்லின் வரிசைப் பெயர். மூன்று பொறிகளிலும் எழுதப்பட்டிருப்பது ஒரே எண். வெட்டப்படுவது மூன்று வேறு வெட்டுக்கள். இதனைத் தொழில்நுட்பக் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிடலாகாது. இதற்கொரு வரலாறு உண்டு.

2

இயந்திரம் வருமுன் நம் தச்சரிடம் ஒரே சீரான அளவை இருந்தது என்று கருதுவது பழமையை இலட்சியப்படுத்துவதாகும். தமிழகத்திலும் ஈழத்திலும் ஸ்தபதிகளும் தச்சரும் பின்பற்றிய சிற்பநூல் மரபிலேயே ‘முழம்’ என்பது ஓர் அளவைக் குறிக்கவில்லை. எட்டு யவை கொண்டது ஓர் அங்குலம். இருபத்துநான்கு அங்குலம் கொண்டது கிஷ்கு முழம். இருபத்தைந்து கொண்டது பிராஜாபத்தியம். இருபத்தாறு கொண்டது தனுர்முஷ்டி. இருபத்தேழு கொண்டது தனுர்க்கிரகம். வண்டி, கட்டில் முதலியவற்றுக்குச் சிறிய முழமும், ஊர் வகுப்பதற்குப் பெரிய முழமும் உரியன என ‘மயமதம்’ வகுக்கிறது. சிறியதற்கும் பெரியதற்கும் உள்ள வேறுபாடு சிறியதில் எட்டில் ஒரு பங்கு.

இவ்வேறுபாடு குழப்பமாக உணரப்படவில்லை. கட்டில் செய்தவரும் ஊர் அளந்தவரும் ஒருவர் அளவை மற்றவருக்கு விற்க நேரவில்லை. உற்பத்தி பயன்பாட்டுக்காக நடந்த சமூகத்தில் ஒவ்வொரு பயனுக்கும் அதற்குரிய கோல் இருந்தது. கோல்களுக்கிடையே மாற்றுவிகிதம் தேவைப்பட்டது குறைவு.

ஆனால் இதே மரபு மற்றோர் உண்மையையும் வெளிப்படுத்துகிறது. தானிய மணியால் அமையும் அங்குலத்தோடு, ‘மாத்திராங்குலம்’ என ஒன்றும் பேசப்படுகிறது. அது வேலையைச் செய்விப்பவனின், அன்றேல் ஆசாரியனின், நடுவிரலின் நடுக்கணுவிலிருந்து கொள்ளப்படுவது. செய்விப்பவனின் உடலே அலகாகும்போது, உளி பிடித்த தச்சனின் உடல் அங்கு கணக்கில் வரவில்லை. வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் தச்சர் சாதி அமைப்பினுள் கட்டுண்டவராய், கலப்பை செய்ததற்கும் வண்டி திருத்தியதற்கும் அறுவடைக் காலத்தில் நெல்லாகப் பங்கு பெற்ற முறைமையை நோக்குமிடத்து, அவருடைய முழக்கோல் அவர் கையில் இருந்தபோதிலும், அவருடைய ஊதியத்தை அளந்த மரக்கால் அவர் கையில் இருக்கவில்லை என்பது தெளிவாகும்.

சோழப் பேரரசு இதன் அரசியலை நன்குணர்ந்திருந்தது. பன்னிரு சாண் கோல், பதினாறு சாண் கோல் எனப் பல கோல்களைக் கல்வெட்டுக்கள் குறிப்பிடுகின்றன. சில கோயிற் சுவர்களில் கோலின் நீளமே பொறிக்கப்பட்டது. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ‘ஆடவல்லான்’ என்னும் பெயரால் மரக்காலையும் எடைக்கல்லையும் நிலைநாட்டினான். வரி பெறும் அரசுக்கு அளவை ஒருமைப்பாடு வேண்டியிருந்தது. ஒருமைப்பாடு எப்பொழுதும் உழைப்போர் நலனுக்காகவே வருவதில்லை என்பதற்கு இது தக்க சான்று.

3

ஐரோப்பியர் வருகையோடு ‘அடி’ என்னும் சொல் புதிய பொருள்களை ஏற்றது. ஒல்லாந்தர் தோம்புகளுக்காகவும் வரைபடங்களுக்காகவும் நிலமளந்தது றைன்லாந்துக் கோலால். பன்னிரண்டு றைன்லாந்து அடி கொண்ட அக்கோலின் ஓரடி ஏறத்தாழ 31.4 சென்ரிமீற்றர். அவர்களுக்குப் பின் வந்த ஆங்கிலேயரின் அடி 30.48 சென்ரிமீற்றர். பத்தடி நீளமான தீராந்தி ஒன்றில் இவ்வேறுபாடு 9 சென்ரிமீற்றரைத் தாண்டும். தீராந்தி என்ற சொல்லே போர்த்துக்கேயம் தந்தது. மேசையின் லாச்சி ஒல்லாந்தம் தந்தது. நம் வீட்டுப் பொருள்களின் பெயர்களில் ஆட்சி மாற்றங்கள் படிந்திருப்பது போலவே அவற்றின் அளவுகளிலும் படிந்துள்ளன.

ஆங்கில அங்குலத்தை நம் தச்சர் ஏற்றுக்கொண்ட முறை கவனத்திற்குரியது. அங்குலத்தை எட்டாகப் பகுத்து ஒவ்வொரு பகுதியையும் ‘நூல்’ என்றனர். இரண்டங்குலம் மூன்று நூல் என்பது இன்றும் பட்டறைகளின் வழக்கு. சிங்களத் தச்சரும் இச்சொல்லையே பயன்படுத்துகின்றனர். எட்டு நெல் ஒரு விரல், எட்டு யவை ஓர் அங்குலம் என்ற பழைய எண்மப் பகுப்பு, அந்நிய அங்குலத்தின் உள்ளே இடம்பிடித்துக்கொண்டது. மனையடி சாத்திரம் கூறும் ‘அடி’யும் இவ்வாறே ஆங்கில அடியாக வாசிக்கப்படலாயிற்று. தொழிலாளர் அளவையை வெறுமனே பெற்றுக்கொள்பவரல்லர். தம் கைப்பழக்கத்துக்கேற்ப அதனை மாற்றியும் கொள்கின்றனர்.

ஆயினும் காட்டில் அளந்தவர் தச்சரல்லர். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் அத்துமீறல் தடைச் சட்டம், உரிமை நிறுவப்படாத காடுகளையும் சேனை நிலங்களையும் முடிக்குரியனவாகக் கொள்ள வழிவகுத்தது. வன்னியின் முதிரை, பாலை, கருங்காலி ஆகியன இவ்வாறு அரசின் சரக்காயின. முதிரையும் கருங்காலியும் ஐரோப்பியத் தளபாடத் தொழிலுக்குப் பயணமாயின. 1895இல் ஜே. பி. லூயிஸ் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூல் போன்றவை இந்த நிர்வாகத் தேவையின் சூழலில் எழுந்தவை. அவற்றிலிருந்து நாம் பெறும் செய்திகள் பல. ஆனால் கைவினைஞரின் அளவையை அவரது உழைப்பின் கூறாக நோக்குவது அவற்றின் குறிக்கோளாக இருக்கவில்லை.

பிரித்தானிய மரவணிகமும் அதன் காலனிகளின் வனத்துறைகளும் உருண்டை மரத்தை அளக்கக் கையாண்ட முறை, 1736இல் எட்வேட் ஹொப்பஸ் வெளியிட்ட கணக்கு வாய்பாட்டின் வழி வந்தது. மரத்தின் சுற்றளவைக் கயிற்றால் எடுத்து, நான்காக மடித்து, அதனை வர்க்கித்து, நீளத்தால் பெருக்குவர். நான்கடிச் சுற்றளவும் பத்தடி நீளமும் உள்ள மரம் இக்கணக்கில் 10 கன அடியாகும். அதன் உண்மையான கனவளவோ ஏறத்தாழ 12.73 கன அடி. விடுபட்ட பங்கு, மரத்தைச் சதுரிக்கும்போது கழிவாகப் போகும் என்பது வணிகரின் நியாயம். ஆனால் மரத்தை வெட்டியவரும், வண்டியில் ஏற்றியவரும், அதனை இழுத்த மாடும் 12.73 கன அடியின் பாரத்தையே சுமந்தனர். கன அடிக்கு இவ்வளவு எனக் கூலி பேசப்படுமிடத்து அவர் பெறுவது 10 கன அடிக்கான கூலி. ‘கன அடி’ என்ற ஒரே பெயருக்குள் இரண்டு கனவளவுகள் இருந்தன. வேறுபாட்டின் பயன் கயிற்றைப் பிடித்தவர் பக்கமே சேர்ந்தது.

4

இத்தகைய பெயரொற்றுமையும் பொருள் வேற்றுமையும் மரத்தோடு நிற்கவில்லை. 1936இல் கிளிநொச்சிக் குடியேற்றத் திட்டம் தொடங்கியபோது யாழ்ப்பாணத்துக் காணியற்ற விவசாயிகள் இரணைமடுக் குளத்தின் கீழ்க் காணி பெற்றனர். அவர்கள் கொண்டுவந்த அலகு பரப்பு. அவர்களுக்கு வழங்கப்பட்ட அலகு ஏக்கர். பரப்பிலும் இரண்டுண்டு. பதினெட்டுக் குழி கொண்ட வரகு விதைப்புப் பரப்பில் ஏறத்தாழ பதினாறு ஓர் ஏக்கர். பன்னிரண்டு குழி கொண்ட நெல் விதைப்புப் பரப்பில் ஏறத்தாழ இருபத்துநான்கு ஓர் ஏக்கர். நிலத்தை விதையால் அளந்த உழவரின் அறிவு அதில் பதிந்திருந்தது. உறுதி எழுதுவோரும் நீதிமன்றமும் அதனை அறியாத குடியானவரைவிட நன்றாக அறிந்திருந்தமையால், அதே அறிவு வழக்குக்கும் ஏமாற்றுக்கும் கருவியாகவும் அமைந்தது.

மெற்றிக் முறையும் இவ்வகையில் இரட்டைத் தன்மை வாய்ந்ததே. 1789இல் பிரெஞ்சுக் குடியானவர் மன்னனுக்கு எழுதிய முறைப்பாட்டேடுகளில் திரும்பத் திரும்ப எழுந்த கோரிக்கைகளுள் ஒன்று, நாடெங்கும் ஒரே அளவை வேண்டும் என்பது. பிரபுவின் மரக்காலிலிருந்து விடுதலை பெறும் வழியாக அவர்கள் அதனைக் கண்டனர். புரட்சி 1795இல் மீற்றரைச் சட்டமாக்கியது. ஆயினும் மக்கள் பழக்கமும் அரசின் தடுமாற்றமும் காரணமாக 1840இலேயே அது பிரான்சில் முழுக் கட்டாயமாயிற்று. இந்தியா 1956இல் மெற்றிக் முறைக்கான சட்டத்தை இயற்றியது. இலங்கையில் 1970களில் தொடங்கிய மாற்றம், 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அளவீட்டலகுகள், நியமங்கள், சேவைகள் சட்டத்தால் வலுப்பெற்றது. பாடநூல் மீற்றருக்கு மாறியது. மர ஆலையோ இன்றும் அடியிலும் அங்குலத்திலும் பேசுகிறது. பாடசாலையில் சென்ரிமீற்றர் கற்ற இளைஞன் பட்டறையில் நூல் கற்கிறான்.

வன்னியில் இம்முரண்பாட்டைப் போர் மேலும் கூர்மைப்படுத்தியது. 1990களில் பொருளாதாரத் தடையும் எரிபொருள் தட்டுப்பாடும் நிலவிய வன்னியின் பெரும்பகுதி தேசிய மின்வலையமைப்புக்கு வெளியே கிடந்தது. சீவுளியும் கைவாளும் உளியும் கொட்டாப்புளியுமே அங்கு தச்சுத் தொழிலைத் தாங்கின. பிற பகுதிகளில் சிறிது சிறிதாக நிகழ்ந்த இயந்திரமயமாக்கம் இங்கு தடைப்பட்டு, 2009க்குப் பின்னர் ஒரே பாய்ச்சலாக நிகழ்ந்தது. மின்சாரம் வந்தது, வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. 2012இல் உடன்பாடு கண்ட இந்திய வீடமைப்புத் திட்டத்தின் 50,000 வீடுகளுள் 46,000 வடக்கு, கிழக்கு மாகாணங்களுக்கு ஒதுக்கப்பட்டன; இவற்றுட் பெரும்பாலானவற்றுக்கு வீட்டுக்கு 550,000 ரூபா பயனாளிகளுக்குக் கட்டங்கட்டமாக வழங்கப்பட்டது. ஒவ்வொரு வீட்டுக்கும் நிலை வேண்டும், கதவு வேண்டும், யன்னல் வேண்டும். தச்சரின் உழைப்புக்கு இவ்வளவு தேவை ஒரே காலத்தில் எழுந்தது அரிது.

5

இவ்வேளையில் வந்த பொறிகள் ஒரே நாட்டினவல்ல. யப்பானிய, சீன, இந்திய, ஐரோப்பியப் பொறிகள் சந்தையூடாக வந்தன. புலம்பெயர்ந்த உறவினர் அனுப்பியவையும் அவற்றோடு சேர்ந்தன. கனடாவிலிருந்து வரும் பொறி அங்குலத்தையும் 120 வோல்ற் மின்னழுத்தத்தையும் உடன் கொண்டுவருகிறது. இங்குள்ளதோ 230 வோல்ற். மின்னழுத்தம் பிழைத்தால் பொறி எரியும். எல்லோரும் உடனே அறிவர். அளவுக் கோடு பிழைத்தால் பொறி எரிவதில்லை. பொருத்துத்தான் பொருந்தாது போகும்.

ஓர் எடுத்துக்காட்டுப் போதும். முக்கால் அங்குலம் 19.05 மில்லிமீற்றர். அதற்கு ஈடாகச் சந்தையில் விற்கப்படும் ஒட்டுப்பலகை 18 மில்லிமீற்றர். முக்கால் அங்குல அலகால் வெட்டிய தவாளிப்பில் இப்பலகையை இறக்கினால் ஒரு மில்லிமீற்றர் ஆடும். பசை அந்த இடைவெளியை நிரப்பும், வலிமையை நிரப்பாது. மாரி ஈரத்திலும் கோடை வரட்சியிலும் அசையும் அலுமாரி சில ஆண்டுகளில் தளரும்போது ‘தச்சன் வேலை சரியில்லை’ என்பதே தீர்ப்பாகிறது. இரு அலகு முறைகளின் மோதல் ஒரு தனிமனிதனின் திறமைக் குறைவாக உருமாறுகிறது.

முன்னர்ச் சுட்டிய மூன்று 20களுக்கும் இனித் திரும்பலாம். பிஸ்கட் பொருத்தை 1950களின் நடுப்பகுதியில் சுவிற்சர்லாந்தில் ஹேர்மன் ஸ்ரைனர் என்னும் தச்சர் உருவாக்கினார். லமெல்லோ என்னும் பெயரோடு அது பரவியது. அழுத்திய பீச் மரச் சில்லுகள் 0, 10, 20 என வரிசைப் பெயர் பெற்றன. 20 எனப்படுவது 56 மில்லிமீற்றர் நீளமும் 23 மில்லிமீற்றர் அகலமும் உடையது. அதன் எந்தப் பக்கமும் 20 அன்று. பின்னர் வேறு நிறுவனங்களின் பொறிகளும் இதே எண்களை ஆழத் தடையில் பொறித்தன. தனிக் கழுந்து இடும் பொறிகள் உண்மையான மில்லிமீற்றரையும், பலகைத் தடிப்பைக் குறிக்கும் படித்தடையையும் ஒரே பொறியில் அருகருகே வைத்தன. தடிப்பை எண்ணால் தெரிந்தால் அலகு நடுவில் நிற்கும் என்பது வேகத்துக்கு உதவும் நல்ல ஏற்பாடுதான். ஒரே பொறியை, ஒரே தாய்மொழியில் எழுதிய கையேட்டோடு, நிலையான வேலையில் பயன்படுத்துபவருக்கு அது இடர் தருவதில்லை. பல நாட்டுப் பொறிகளை, தமிழில் கையேடு இல்லாமல், துண்டு வேலைக் கூலிக்கு இயக்குபவருக்கே அது பொறியாகிறது. இவ்வகைப் பொறிகள் வன்னியில் எங்கும் பரவிவிட்டன என்று கூறுவதற்கில்லை. ஆனால் அவை செல்லும் இடமெங்கும் இச்சிக்கலும் உடன் செல்கிறது.

முதலாளித்துவம் நியமத்தை வேண்டுகிறது. அதேவேளை அதனை மறுக்கவும் செய்கிறது. 1841இல் ஜோசப் விற்வேத் திருகாணிப் புரிகளுக்கு ஒருமைப்பாடு முன்மொழிந்தமை ஒரு தொழிற்சாலையின் ஆணி மற்றொன்றின் துளைக்குப் பொருந்த வேண்டும் என்ற தேவையால். அமெரிக்கா 1864இல் வேறொரு புரியை முன்மொழிந்தது. இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளின் ஆணிகளே தம்முள் பொருந்தாத அனுபவத்தின் பின்னரே 1948இல் இணக்கம் ஏற்பட்டது. அங்குலமே 25.4 மில்லிமீற்றர் என ஆங்கிலம் பேசும் நாடுகளிடையே ஒருமை பெற்றது 1959இல். உற்பத்திச் சக்திகளின் வளர்ச்சி ஒருமையை நோக்கித் தள்ளுகிறது. ஆனால் தன் கழுந்து தன் அலகுக்கு மட்டுமே பொருந்துமாறு செய்யும் நிறுவனம், பொறியை ஒருமுறை வாங்கியவரைத் தன் வாடிக்கையாளராகக் கட்டிவைக்கிறது. பொறியின் மேலுள்ள அளவுக் கோடுகளின் வேறுபாட்டில் இவ்விரு போக்குகளின் மோதலை நாம் காண்கிறோம்.

6

இதற்குத் தச்சர் கண்ட விடை எளியது, பழையது. எண்களை நம்பாமல் ஒரு நேரிய மரக்குச்சியில் கதவின் அகலம், சட்டங்களின் இடம், கழுந்தின் நீளம், பொளியின் ஆழம் ஆகியவற்றை நேரடியாகக் கீறிக்கொள்வர். அக்குச்சிக்கு அடியும் இல்லை, மீற்றரும் இல்லை. அந்தக் கதவு மட்டுமே உண்டு. பொறியின் எண் எதுவாயினும் கழிவுத் துண்டொன்றில் வெட்டிப் பார்த்து, குச்சியோடு ஒப்பிட்டு, சரியானால் பொறியில் தம் சொந்தக் கோட்டைக் கீறிக்கொள்வர். நூற்றாண்டுகளாகக் கைமாறிய அறிவின் பயன் இது.

இவ்வறிவை மதிக்கும் நாம் அதனோடு நிறைவடைந்துவிடவும் இயலாது. ஒரு குச்சி ஒரு பட்டறைக்குள்ளேயே பேசும். கிளிநொச்சியில் செய்த நிலைக்கு மாங்குளத்தில் செய்த கதவு பொருந்த வேண்டுமாயின் பொது மொழி வேண்டும். மேலும், வெட்டிப் பார்க்கும் துண்டும் மரந்தான். அதற்குச் செலவான நேரமும் உழைப்புத்தான். ஒரு கதவுக்கு இவ்வளவு என ஒப்பந்தம் பேசும் தச்சருக்கு அந்நேரத்துக்கு எவரும் கூலி தருவதில்லை. அளவை முரண்பாட்டின் விலையை இறுதியில் செலுத்துபவர், முரண்பாட்டை உண்டாக்கியதில் எவ்விதப் பங்கும் இல்லாதவர்.

எனவே அளவை பற்றிய வினா தொழிலாளர் உரிமை பற்றிய வினாவாகும். மரம் எந்த முறையால் கனமளக்கப்பட்டது என்பது பற்றுச்சீட்டில் எழுதப்படவேண்டும். பலகை விற்பவர் சீவுமுன் தடிப்பையா, சீவிய பின் தடிப்பையா சொல்கிறார் என்பது வெளிப்படையாக வேண்டும். பொறி விற்பவர் அதன் ஒவ்வோர் அளவுக் கோட்டின் பொருளையும் தமிழிலும் சிங்களத்திலும் தர வேண்டும். தொழிற்பயிற்சி நிலையங்கள் மில்லிமீற்றரையும் நூலையும் பகையாக நிறுத்தாமல், ஒன்றிலிருந்து மற்றதற்குச் செல்லும் வழியைக் கற்பிக்க வேண்டும். இவற்றைக் கேட்டுப் பெறக்கூடிய தச்சர் கூட்டுறவுகள் வேண்டும். தனித்து நிற்கும் பட்டறைக்காரரின் குரல் இறக்குமதியாளரின் காதுக்கு எட்டாது.

இராசராசனின் மரக்காலுக்கு இறைவனின் பெயர் இருந்தது. ஹொப்பஸின் கணக்குக்கு நியாயம் இருந்தது. இன்றைய பொறிக்குச் செம்மையான எண் இருக்கிறது. மூன்றிலும் அளக்கப்பட்டவரிடம் கேட்டு அளவை வகுக்கப்படவில்லை. பிரெஞ்சுக் குடியானவர் ஒரே அளவையைக் கோரியபோது கேட்டதன் சாரம், அளக்கும் உரிமையில் தமக்கும் பங்கு வேண்டும் என்பதே. வன்னித் தச்சர் தம் பொறியின்மேல் கீறிக்கொள்ளும் கோட்டிலும் அக்கோரிக்கை எழுதப்பட்டிருக்கிறது. அதனை வாசித்து, பொதுக் கோரிக்கையாக வளர்த்தெடுப்பது ஆய்வாளர்க்கும் தொழிலாளர்க்கும் உரிய கூட்டுப் பணியாகும்.